நாய்க்குட்டி வாங்க நம்பிக்கையான பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது? (கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா)

கண்டாவளைப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் கண்டாவளையில் வயலோடு சேர்ந்த வீட்டில் இருக்கிறார்கள். நான் வேலை காரணமாகக் குடும்பத்தோடு கிளிநொச்சி நகரில். சனி, ஞாயிறில்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவோம். அங்கே ஒரு ஊர் நாய் நிற்கிறது, ஆனால் அதற்கு வயதாகிவிட்டது, காதும் கேட்பதில்லை. அப்பாவுக்கு இளவயதில் இருந்தே ஜேர்மன் ஷெப்பர்ட் வளர்க்க ஆசை. இந்த வருடம் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். குட்டி 65,000 ரூபா. தொலைபேசியில் கதைத்தேன். 20,000 ரூபாவை முற்பணமாக வங்கியில் போட்டால் ஞாயிறு விடிய வவுனியா பஸ் நிலையத்தில் வைத்துக் கையில் தருவார்களாம். வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன், "தூரம் அண்ணா, உங்களுக்கு ஏன் அந்தச் சிரமம்" என்றார். ஊசி போட்டாயிற்று, பேப்பர் பிறகு வரும் என்றும் சொன்னார்.

பேச்சு இனிமையாகத்தான் இருந்தது, ஆனாலும் மனதுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. நல்ல பிரீடரை எதை வைத்து அடையாளம் காண்பது? ஆட்களின் பெயரையும் இலக்கத்தையும் இங்கே போட வேண்டாம், என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

முள்ளியவளை அக்கா:
தம்பி, அந்த முற்பணத்தைப் போட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவர் தாய்ப்பசுவின் மடியைப் பார்க்காமல் நாம்பன் கன்றைக்கூடப் பிடித்து வர மாட்டார். நாய்க்குட்டி என்றதும் மட்டும் தொலைபேசியில் வந்த படம் போதும் என்று நினைத்துவிடுகிறோம். குட்டி பிறந்த இடத்தில், அதன் தாயோடு நிற்கும்போது பார்க்க வேண்டும். பிரீடர் நல்லவரா இல்லையா என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே தெரிந்துவிடும்.

தாயில் என்ன பார்ப்பது என்றால், முதலில் குணம். குட்டி போட்ட நாய் அந்நியரைக் கண்டு குரைப்பது இயல்பு. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தடவியதும் அடங்க வேண்டும். அடங்காமல் நடுங்கிக்கொண்டே நிற்கிற தாய், மூலைக்குள் போய் ஒடுங்குகிற தாய், கண்மூடித்தனமாகப் பாய்கிற தாய் என்றால் நான் அந்த வளவை விட்டு வெளியே வந்துவிடுவேன். பயம் இரத்தத்தாலும் வரும், முதல் வாரங்களில் தாயைப் பார்த்துக் குட்டி பழகுவதாலும் வரும். அடுத்தது உடம்பு. பால் கொடுக்கும் நாய் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும், மயிரும் கொட்டும். ஆனால் விலா எலும்பை எண்ணும்படி இருக்கக்கூடாது. காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி அடுக்கி இருந்தால் குட்டிக்கும் அதுதான் கதி.

இன்னொன்று. வேறொரு பெட்டை நாயைக் கொண்டு வந்து கட்டிவிட்டு இதுதான் தாய் என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முலைக்காம்பைப் பாருங்கள். குட்டிகளைத் திறந்து விடச் சொல்லுங்கள். தன் தாய் என்றால் எல்லாம் ஓடிப் போய் வயிற்றில் முட்டும்.

நெடுங்கேணி மணி:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இதே பஸ் நிலையக் கதைதான். விடியப்புறம் கொழும்புப் பஸ்ஸில் ஒருவர் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். காசு வாங்கினார், பெட்டியைக் கொடுத்தார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். குட்டி சோர்ந்து கிடந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் சத்தி, அப்புறம் இரத்தத்தோடு வயிற்றோட்டம். வைத்தியரிடம் கொண்டு போய் சேலைன் ஏற்றினார்கள், தப்பவில்லை. விற்றவருடைய தொலைபேசி அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை. தடுப்பூசி அட்டையில் ஒரு திகதி மட்டும் பேனாவால் எழுதி இருந்தது, கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை.

தம்பியின் மகள் இன்னமும் வேறு குட்டி வேண்டாம் என்கிறாள். காசு போனதை விட அதுதான் எங்களுக்குக் கவலை.

மாங்குளம் சந்தி:
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கொழும்பில் கே.ஏ.எஸ்.எல். என்று சொல்லும் இலங்கை கெனல் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய பதிவுப் பத்திரம் உள்ள குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பேப்பர் இருந்தால் நல்ல பிரீடர், இல்லாவிட்டால் இல்லை.

ஓமந்தை வளவு:
மாங்குளம் தம்பி, நானும் ஷெப்பர்ட் வைத்துக் குட்டி எடுப்பவன், என்னுடைய பெட்டைகளும் கே.ஏ.எஸ்.எல். பதிவு உள்ளவைதான். பத்திரம் அவசியம், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குட்டியின் தாய் யார், தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். இடுப்பு நல்லதா, குடலில் பூச்சி இருக்கிறதா, எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்பதெல்லாம் அதில் வராது. பதிவு உள்ள தாயை ஒவ்வொரு பருவத்துக்கும் ஓய்வில்லாமல் சினைப்படுத்திக் குட்டிகளை விற்பவருக்கும் அதே பத்திரம்தான் கிடைக்கும்.

பத்திரத்தின் பெரிய பயன் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தகப்பன் பக்கத்தையும் தாய் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் கிட்டத்தில் வந்தால் சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வன்னியில் நல்ல கடுவன்கள் கொஞ்சம்தான். ஒரே கடுவனை ஊரெல்லாம் விட்டு, அப்புறம் அதன் பிள்ளைகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுவது நடக்கிறது. அதனால் கடுவன் யாருடையது, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பல பிரீடர்களிடம் கடுவன் வீட்டில் இருக்காது, வெளியில் கொண்டு போய்த்தான் சேர்ப்பார்கள், அது தப்பில்லை. ஆனால் கேட்டால் உடனே பதில் வர வேண்டும், படமும் பத்திரப் பிரதியும் காட்ட வேண்டும்.

"பேப்பர் பிறகு வரும்" என்ற பேச்சைப் பற்றி. குட்டிகளைப் பதிவு செய்து பத்திரம் கைக்கு வரக் கொஞ்சம் நாளெடுக்கலாம், உண்மை. ஆனால் தாய், தகப்பன் இரண்டினதும் பத்திரம் இன்றைக்கே அவர் வீட்டில் இருக்க வேண்டும். அதைக் காட்ட முடியாதவரிடம் குட்டியின் பத்திரம் ஒரு நாளும் வராது. பத்திரத்துக்குத் தனிக் காசு, பத்திரம் இல்லாமல் குறைந்த விலை என்று இரண்டு விலை சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள். சந்தேகம் என்றால் பதிவு இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்ச் சங்கத்திடமே கேட்கலாம்.

வன்னி மிருக வைத்தியர்:
நான் இங்கே அரச கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மணி சொன்ன குட்டிக்கு வந்தது பார்வோ வைரஸ் போலத்தான் தெரிகிறது. உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வெளியே காட்டும். அப்படியென்றால் வாங்கி வந்த பிறகு மூன்றாம் நாள் சத்தி எடுத்த குட்டி, அனேகமாக விற்றவரிடம் நின்றபோதோ வழியிலோ நோயை வாங்கியிருக்கிறது. வெவ்வேறு இடங்களில் இருந்து குட்டிகளைச் சேர்த்து ஒரே கூட்டில் வைத்து விற்கும் தரகர்களிடம் இது அடிக்கடி நடக்கும். நான் தரகர் வேண்டாம் என்று சொல்வது அவர்கள் லாபம் எடுப்பதற்காக இல்லை, இதற்காகத்தான்.

"ஊசி போட்டாயிற்று" என்றால் என்ன ஊசி, எப்போது, யார் போட்டது என்று கேளுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, அதாவது பார்வோ போன்ற பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும் வரைக்கும். ஏன் இத்தனை தடவை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் இருக்கும் வரை அது ஊசி மருந்தையே வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் ஒரு ஊசி போட்ட எட்டு வாரக் குட்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவில் இறக்கக்கூடாது, தடுப்பூசி போடாத நாய்கள் நிற்கும் வளவுக்குக் கொண்டு போகக்கூடாது.

அட்டையில் மருந்துக் குப்பியில் இருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், அதில் தொகுதி இலக்கம் இருக்கும். பக்கத்தில் வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் பதிவு இலக்கமும். விற்பவர்கள் தாங்களே குப்பி வாங்கிக் குத்துவதும் உண்டு. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டியது. கச்சான் காற்று வீசுகிற வெயிலில் பொலித்தீன் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு போனால் அதற்குள் ஒரு பலனும் மிஞ்சாது.

வயதையும் சோதியுங்கள். நான்கு, ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று விற்பது சாதாரணம். சின்னதாகப் பஞ்சு போல இருந்தால் வாங்குபவர் மயங்குவார், விற்பவருக்கும் மூன்று வாரச் சாப்பாடு மிச்சம். எட்டு வாரத்தில் பாற்பற்கள் 28-உம் வந்திருக்கும். வாயைத் திறந்து பின்பக்கக் கடைவாயில் விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

ஒட்டுசுட்டான் வயற்காரன்:
எல்லோரும் ஷெப்பர்டைப் பற்றியே பேசுவதால் நான் ஊர் நாய்க்காகக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன். வயல் வீட்டுக் காவலுக்கு நமது மண்ணில் பிறந்த நாயை மிஞ்ச எதுவும் இல்லை. வெயில் தாங்கும், உண்ணி கடித்தாலும் எளிதில் விழாது, சோறும் கருவாட்டுத் தலையும் போதும். பன்றி வந்தால் ஒரு குரைப்பு, ஆள் வந்தால் வேறு குரைப்பு, படுக்கையில் இருந்தே எனக்குத் தெரியும். மீள்குடியேறி வந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது அந்த நாய்களால்தான்.

65,000 ரூபா கொடுத்து வாங்கிய நாய் யானையைத் துரத்திக்கொண்டு போய், யானை அதைத் திருப்பித் துரத்த, அதையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே ஓடி வந்தால் என்ன செய்வீர்கள்? காட்டுக்குள் போய்க் கட்டுத்துவக்கில் அகப்பட்டால்? இதையும் யோசியுங்கள்.

கண்டாவளைப் பிள்ளை:
ஒட்டுசுட்டான் அண்ணா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அப்பாவும் ஊர் நாயை விட்டுக்கொடுக்க மாட்டார், இப்போது நிற்கும் கிழவிக்கு இன்னமும் தன் கையால்தான் சோறு வைக்கிறார். ஆனால் இது அவருடைய நீண்ட நாள் ஆசை. வளவைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது, காட்டுப் பக்கம் போக விடமாட்டோம்.

வைத்தியர் ஐயாவுக்கு நன்றி. ஷெப்பர்ட் நம் வெயிலைத் தாங்குமா என்று யாராவது சொல்லுங்கள்.

முள்ளியவளை அக்கா:
நிழலும் தண்ணீரும் இருந்தால் தாங்கும். மதியத்தில் கட்டிப் போடக்கூடாது, தகரக் கூட்டுக்குள் அடைக்கவே கூடாது. காலையிலும் மாலையிலும் மட்டும் ஓட விடுங்கள். மாரிக்குத்தான் கஷ்டம், உள் மயிர் காயாமல் இருந்து தோல் புண் வரும்.

வன்னிக்கு ஒத்துவராதவை என்றால் சப்பை மூக்கு நாய்கள்தான். பக், புல்டோக் போன்றவை. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுதும் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அந்த மூச்சுக் குழாயே நெரிந்து பிறக்கிற நாயைக் கொண்டு வந்து இந்த வெயிலில் வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். ஹஸ்கியும் அப்படித்தான், பனிப் பிரதேசத்து மயிரோடு இங்கே என்ன செய்யும்? நல்ல பிரீடர் என்றால் நீங்கள் கேட்டாலும் இப்படிப்பட்டதை வயல் வீட்டுக்கு விற்க மறுப்பார். விற்க மறுக்கத் தெரிந்தவரைத்தான் நான் நம்புவேன்.

மாங்குளம் சந்தி:
ஓமந்தை அண்ணா பத்திரம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். தாயைப் பார், பிறந்த இடத்தைப் பார் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நல்ல ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் அதிகமும் கொழும்பு, கண்டிப் பக்கம். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசும் கொடுத்துப் பார்க்கப் போய், குட்டி சரியில்லை என்று வெறுங்கையோடு திரும்புவது எல்லோராலும் முடியுமா? வீடியோவில் பார்த்தால் போதாதா?

நெடுங்கேணி மணி:
என் தம்பிக்கும் வீடியோ அனுப்பினார்கள், தாயும் குட்டிகளும் நன்றாகத்தான் இருந்தன. அது யாருடைய வீட்டு வீடியோ என்று இன்றைக்கும் தெரியாது.

ஓமந்தை வளவு:
பதிவு செய்து அனுப்பும் வீடியோவை நம்ப வேண்டாம். நேரடி அழைப்பில் பார்க்கலாம். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்ய வேண்டும். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள், அது திரும்பிப் பார்க்கிறதா? குட்டிகளைத் தாயிடம் விடச் சொல்லுங்கள். தாயை நடக்க வைக்கச் சொல்லுங்கள், படுத்திருந்து எழும்பும்போது பின்காலைப் பாருங்கள். கூட்டின் தரையைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது முடியாது, நாய் தூங்குகிறது, மனைவி வெளியில் என்று நாளுக்கொரு சாட்டுச் சொன்னால் அங்கே தாய் இல்லை.

ஆனாலும் அது முதற்கட்டம்தான். வன்னியில் கொழும்பிலோ கண்டியிலோ ஒரு உறவினர் இல்லாத வீடு குறைவு. அவரை ஒரு பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு நாய் பத்து, பன்னிரண்டு வருடம் நம்மோடு இருக்கப் போகிறது, அதற்கு ஒரு பின்னேரம் கேட்பது பெரிய உதவியில்லை. அதோடு கொழும்புதான் என்றும் இல்லை. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கவனமாகக் குட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விளம்பரம் போடாததால் தெரிவதில்லை. ஒரு ஈத்துக்கு ஆறு, ஏழு குட்டி, தாய் சினைப்பட முதலே கேட்டு வைத்தவர்கள் இருப்பார்கள், விளம்பரத்துக்கு வேலை இல்லை. எப்போது கேட்டாலும் குட்டி கைவசம் இருக்கிறது, அதுவும் ஐந்து இனத்தில் இருக்கிறது என்பவர் குட்டி எடுப்பவர் இல்லை, வியாபாரி. உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கேளுங்கள். தாய்க்கு ஒழுங்காக ஊசி போடக் கொண்டு வருபவர் யார், குட்டி சாகும்போது மட்டும் வருபவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டைக்கு இரண்டு வயது ஆகும் முன் சேர்க்க மாட்டேன். முதல் பருவம் ஆறு மாதத்திலேயே வரலாம், ஆனால் அது அப்போது தானே ஒரு குட்டி. ஒரு ஈத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் ஓய்வு. ஆறு வயதோடு நிறுத்திவிடுவேன், அதன் பிறகு அது வீட்டு நாய், விற்க மாட்டேன். சேர்க்க முதல் தாயைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போய் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தேன். ஷெப்பர்டுக்கும் லாப்ரடோருக்கும் ரொட்வைலருக்கும் இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வரும். குட்டியில் தெரியாது, வளர்ந்து ஓடும் வயதில் பின்காலை இழுக்கும். இந்தச் சோதனை செய்பவர்கள் நம் பக்கம் குறைவு என்பது உண்மை. ஆனால் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஈத்துக்காவது எடுப்பார்கள்.

வாங்க வருபவரிடம் நானும் கேட்பேன். பகலில் வீட்டில் யார் இருப்பது? வேலி உண்டா? சின்னப் பிள்ளைகள் உண்டா? முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது? சிலருக்குக் கோபம் வரும், காசு தருகிறோம், ஏன் இந்த விசாரணை என்று. என் கையில் பிறந்த குட்டி எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. என்ன காரணத்துக்காக வளர்க்க முடியாமல் போனாலும் தெருவில் விடாமல் என்னிடம் திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்று எழுதி வாங்குவேன்.

வன்னி மிருக வைத்தியர்:
ஓமந்தைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தாயின் உண்ணிக் காய்ச்சல் பற்றியும் கேளுங்கள். உண்ணியால் பரவும் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போகலாம். குட்டியின் ஈறு நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி இருந்தால் காரணம் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், பூச்சியாக இருக்கலாம். வட்டப்புழுவும் பிறக்க முன்பே தாயிடம் இருந்து வந்துவிடும், எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும். அதனால்தான் இரண்டு வாரத்தில் இருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்கிறோம். கொடுத்த திகதிகள் அட்டையில் இருக்கிறதா பாருங்கள். வயிறு மட்டும் பானை போல ஊதி, முதுகெலும்பு தெரியும் குட்டிக்குப் பூச்சி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது முக்கியம், அந்தப் புழுவின் முட்டை மனிதருக்குள்ளும் போய்க் கண்ணைக்கூடப் பாதிக்கும்.

கண்டாவளைப் பிள்ளை:
முந்தைய பதிவுகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு அந்த விளம்பரக்காரருக்கு மறுபடி தொலைபேசி எடுத்தேன். நேரடி வீடியோவில் தாயைக் காட்டுங்கள் என்றேன். தாய் அண்ணனின் வீட்டில் நிற்கிறது என்றார். சரி, அண்ணனின் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், இன்றைக்குக் காசு போடாவிட்டால் போய்விடும் என்றார். போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் வவுனியாவில் உள்ள ஒரு மிருக வைத்தியர் மூலமாக ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடு தெரிய வந்தது. அப்பாவோடு போய்ப் பார்த்தேன். குட்டிகளுக்கு ஐந்து வாரம். தாய் முதலில் குரைத்தது, அவர் "போதும்" என்றதும் வந்து அப்பாவின் கையை மணந்து பார்த்தது. தாயின் பத்திரமும், தகப்பனின் பத்திரப் பிரதியும் மேசையில் எடுத்து வைத்தார். எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று நேராகவே சொன்னார். தாயையும், தாயின் தாயையும் வளவுக்குள் ஓட விட்டுக் காட்டினார். பாட்டிக்கு ஒன்பது வயது, இன்னும் திண்ணையில் பாய்ந்து ஏறுகிறது. எட்டு வாரம் ஆகாமல் தரமாட்டேன் என்றார். அப்பாவிடம்தான் அதிகம் கேள்வி கேட்டார்.

அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் இப்போது சிக்கல். முன்பு வளவில் குட்டி ஏதாவது செத்ததா என்று கேட்டார். கடந்த மாரியில் பக்கத்து வீட்டில் இருந்து வந்த ஒரு ஊர்க் குட்டி எங்கள் முற்றத்தில் இரத்த வயிற்றோட்டத்தில் செத்தது, அப்பா அதைச் சொன்னார். உடனே அவர், வைத்தியரிடம் கேட்காமல் குட்டி தர முடியாது என்றுவிட்டார். வைத்தியர் ஐயா, அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் ஆபத்து உண்டா?

வன்னி மிருக வைத்தியர்:
அந்த ஆசிரியரை விடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிரீடர் அரிது.

ஆபத்து முழுதாகப் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் இருக்கும், நிழலான ஈர இடத்தில் ஒரு வருடம் வரைக்கும்கூட. நேர் வெயில் படும் இடத்தில் சீக்கிரம் குறையும். குட்டி செத்த இடம், அதைப் புதைத்த இடம், மாமர நிழல், கிணற்றடி இதெல்லாம்தான் கவலை. சீமெந்துத் தரை, நாய்க் கூடு, சாப்பாட்டுக் கோப்பை போன்றவற்றை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பழைய சாக்கு, கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். மண்ணுக்குப் பிளீச் ஊற்றிப் பலன் இல்லை.

நல்ல வழி, 16 வார ஊசி முடியும் வரை குட்டி அந்த வளவு மண்ணில் கால் வைக்காமல் இருப்பது. ஆசிரியர் அதுவரை வைத்திருந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் எட்டு வாரத்தில் எடுத்து, கிளிநொச்சியில் உங்கள் வீட்டுக்குள் வைத்து வளர்த்து, பிறகு கண்டாவளைக்குக் கொண்டு போங்கள்.

ஓமந்தை வளவு:
16 வாரம் வரை வைத்திருக்கச் சம்மதித்தால் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் உரிய காசைக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குட்டி மனிதரோடும் சத்தங்களோடும் பழகுவது மூன்று வாரத்துக்கும் பதினான்கு வாரத்துக்கும் இடையில்தான். அந்தக் காலம் முழுவதும் ஒரே கூட்டுக்குள் நின்றால் பிறகு உங்கள் வீட்டில் உழவு இயந்திரச் சத்தத்துக்கும் ஓடி ஒளியும். அவர் வீட்டில் வைத்தே அப்பா அடிக்கடி போய்த் தூக்கி வைத்துப் பழக வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மண்ணில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு தெரு, வாகனம், மாடு எல்லாம் காட்டலாம். போகும்போது கண்டாவளையில் போட்ட செருப்போடு போகாதீர்கள், வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டு அவருடைய மற்றக் குட்டிகளுக்கும் போகும்.

ஒட்டுசுட்டான் வயற்காரன்:
ஆசிரியர் பற்றிக் கேட்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் வாங்குவதென்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஊர்க் குட்டி எடுப்பவர்களும் இதே போலத் தாயைப் பார்த்து, எட்டு வாரம் பொறுத்து, ஊசி போட்டு எடுத்தால் எத்தனையோ குட்டிகள் தப்பும். இலவசமாகக் கிடைக்கிறது என்று கண் திறந்து கொஞ்ச நாளிலேயே தூக்கி வந்துவிடுகிறோம்.

கண்டாவளைப் பிள்ளை:
ஆசிரியரோடு கதைத்தேன். 12 வாரம் வரை வைத்திருப்பார், அதற்கு மேல் அவரால் முடியாது, மகளின் வீட்டுக்குப் போக வேண்டுமாம். மிச்சம் நான்கு வாரம் எங்கள் நகர வீட்டில் வைத்திருப்போம், மனைவியும் சம்மதித்துவிட்டார். அப்பா ஒவ்வொரு வாரமும் ரயிலில் வவுனியா போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார், அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம். திருப்பி எடுப்பது பற்றி ஆசிரியர் எழுதித் தந்திருக்கிறார். முற்பணம் கேட்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வீட்டில் நிற்கும் கிழவிக்கு விசர்நாய்க்கடி ஊசி மட்டும்தான் இதுவரை போட்டது. புதுக் குட்டி வர முன் அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

வன்னி மிருக வைத்தியர்:
ஆம், இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டுத் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து மூன்றும் குட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். விசர்நாய்க்கடி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அட்டையைப் பாருங்கள், ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதுவும் சேர்த்து. குட்டிக்கு அந்த ஊசி மூன்று மாதத்தில், அதாவது ஆசிரியரிடம் இருந்து எடுக்கும் வாரத்திலேயே வரும். அவர் போட்டுத் தருகிறாரா, நீங்கள் கிளிநொச்சியில் போடுகிறீர்களா என்று முன்பே பேசி வையுங்கள், இரண்டு பேரும் மற்றவர் போட்டிருப்பார் என்று விட்டுவிடக்கூடாது. கால்நடை வைத்திய அலுவலகங்களில் காலையில் மாட்டுக்காரர்களின் கூட்டம் அதிகம். நேரத்தோடு வாருங்கள், கிழவியை வெயிலில் காத்திருக்க வைக்க வேண்டாம்.